தானே துளிர்க்காத புல்

மணமக்களை வாழ்த்தும் பெரியோர், ஆலைப்போலத் தழைத்து அறுகைப்போல வேரூன்றுமாறு வாழ்த்துதல் தமிழர் வழக்கு. ஆலின் பெருமை கிளையிலும் விழுதிலும் கண்ணுக்குத் தெரிகின்றது. அறுகின் பெருமையோ கண்ணுக்குத் தெரியாத வேரிலே உள்ளது. ஆடு கடித்தாலும், வண்டிச் சில்லு ஏறினாலும், கோடை வெயில் கருக்கினாலும் அறுகு மடிந்துவிடுவதில்லை. ஒரு மழை பெய்தால் போதும். கணுவுக்குக் கணு வேர்விட்டு, வெறுமையாய்க் கிடந்த நிலத்தை அது மீண்டும் மூடிக்கொள்கின்றது. புல்லுக்கு உண்டாகும் காயத்தைப் புல்லே ஆற்றிக்கொள்கின்றது.

மனிதன் தொழிற்சாலையிலே செய்துகொண்ட புல்லுக்கு இந்த ஆற்றல் இல்லை. அதற்குப் பாய்ச்ச நீர் வேண்டியதில்லை. இட உரம் வேண்டியதில்லை. கிழமைதோறும் வெட்டவும் வேண்டியதில்லை. ஆனால், அதிலே ஒரு தீப்பொறி விழுந்து ஓர் அங்குலம் கருகிவிட்டால், அந்த ஓர் அங்குலமும் மனிதன் கைவைக்கும்வரை கருகியபடியே கிடக்கும். பராமரிப்பே வேண்டாத புற்றரை என்று சொல்லி விற்கப்படும் இப்பொருள், உண்மையிலே தன் பராமரிப்பு முழுவதையும் வீட்டுக்காரரின் பொறுப்பிலே விட்டுவிடும் பொருளாகும். இத்தகைய புற்றரை தேயும்போதும் கிழியும்போதும் அதனைச் செப்பனிடுவது எங்ஙனம், செப்பனிட்டும் பயனில்லாத நிலை எது என்பன அறியத்தக்கவை. ஏனெனில், ஒரு சாண் அகலக் கிழிசலுக்காக முற்றம் முழுவதன் விரிப்பையும் சுருட்டி எறிவோர் பலர். அவ்வாறு எறியப்படும் பிளாஸ்ரிக்கு மண்ணோடு மண்ணாக மக்கிப்போவதில்லை.

செயற்கைப் புற்றரையின் வரலாறு அறுபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்துப் புறொவிடென்ஸ் நகரிலே, மோசஸ் பிறவுண் என்னும் பாடசாலையில், 1964 ஆம் ஆண்டு மொன்சான்டோ நிறுவனத்தாரின் நைலோன் புல்விரிப்பு விரிக்கப்பட்டது. அப்போது அதற்குக் 'கெம்கிராஸ்' என்று பெயர். அடுத்த ஆண்டு டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலே அஸ்ட்ரோடோம் என்னும் கூரையிட்ட பெருவிளையாட்டரங்கு திறக்கப்பட்டது. ஒளிபுகும் தகடுகளாலான அக்கூரையின் கீழே இயற்கைப் புல்லே வளர்க்கப்பட்டது. ஆயின், தகடுகளினூடே பாய்ந்த வெயிலின் கூச்சத்தால், உயரப் பறந்த பந்து ஆட்டக்காரர் கண்ணுக்குத் தென்படவில்லை. தகடுகளுக்கு வர்ணம் பூசினர். பந்து தெரிந்தது, புல் மடிந்தது. 1966 ஆம் ஆண்டிலே அங்கு நைலோன் புல் விரிக்கப்பட்டது. அவ்வரங்கின் பெயரைத் தழுவி எழுந்த 'அஸ்ட்ரோடேர்ஃப்' என்னும் பெயரே பின்னர் உலகெங்கும் பரவியது.

விளையாட்டரங்கிலே தொடங்கிய புல் வீட்டு வளவுக்குள் புகுந்ததற்கு நீர்ப்பஞ்சம் ஒரு பெருங்காரணமாகும். அமெரிக்காவின் மேற்கிலுள்ள கலிபோர்ணியா மாநிலத்தை 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி வாட்டியது. 2015 ஏப்பிரிலிலே அம்மாநிலத்து ஆளுநர், நகரங்கள் தமது நீர்ப்பாவனையை நூற்றுக்கு 25 பங்கு குறைக்கவேண்டும் என ஆணையிட்டார். 5 கோடி சதுர அடிப் புற்றரையை அகற்றி, வறட்சியைத் தாங்கும் செடிகொடிகளை வைப்பதும் அவ்வாணையின் நோக்கங்களுள் ஒன்று. அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று, வீட்டு வளவிலே செயற்கைப் புல் விரிப்பதை நகரசபைகள் தடைசெய்யலாகாது என்றது. எட்டு ஆண்டுகள் சென்றபின், 2023 இல், வேறொரு சட்டம் அத்தடையை விதிக்கும் உரிமையை உள்ளூர் மன்றங்களுக்கு மீண்டும் அளித்தது. இவ்விரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே விரிக்கப்பட்ட புற்றரைகள் இன்று நடுவயதை அடைந்துள்ளன. வாசலிலிருந்து படலைவரை மனிதர் நடந்த தடம், நாய் ஓடிய ஓரம், பிள்ளைகளின் ஊஞ்சலடி ஆகிய இடங்களிலே அவை தேய்ந்து காட்சியளிக்கின்றன. அவற்றைச் செப்பனிடுவதா, எறிவதா என்பதே அவ்வீட்டார் முன்னுள்ள கேள்வி.

செப்பனிடப் புகுமுன், செப்பனிடப்படும் பொருளின் அமைப்பை அறிதல் வேண்டும். செயற்கைப் புற்றரை என்பது உண்மையில் ஒரு கம்பளம். கம்பளத் தொழிலுக்குப் பேர்போன ஜோர்ஜியா மாநிலத்து டால்டன் நகரமே இதன் உற்பத்திக்கும் பேர்போனதாயிருப்பது வியப்பன்று. நெய்த துணி போன்ற ஒரு தாங்கியிலே, வரிசை வரிசையாகப் புல்லிதழ்கள் தைக்கப்படுகின்றன. வீட்டுப் புற்றரைகளிலே இவ்விதழ்கள் பெரும்பாலும் பொலித்தீன் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் அடியிலே, காய்ந்த புல்லைப்போலத் தோன்றும் சுருண்ட குறும் இழைகள் நெருங்கி நின்று, நெடிய இதழ்கள் சாயாது தாங்குகின்றன. தையல் கழன்றுவிடாதபடி விரிப்பின் முதுகுப் புறத்திலே இறப்பர்ப்பால் போன்ற பசையோ பொலியூரிதேனோ பூசப்படுகின்றது. மழைநீர் இறங்குவதற்காக அப்பூச்சிலே துளைகள் விடப்படுகின்றன.

இவ்விரிப்பின் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு பொருள்கள் உள. கீழே இருப்பது, சில அங்குலத் தடிப்புக்குப் பரப்பி இடித்து இறுக்கிய கற்றூளும் சிறுசல்லியும் சேர்ந்த படுக்கை. மேலே, இதழ்களுக்கு இடையே தூவப்பட்டிருப்பது மணல். இம்மணலே விரிப்பை நிலத்தோடு அழுத்தி வைத்திருக்கின்றது. இதழ்களை நிமிர்த்தி நிறுத்துகின்றது. தையலின் மேல் வெயில் படாமல் மறைக்கின்றது. ஆகவே, புல்லாகத் தெரிவது ஒரு பங்கென்றால், அப்புல்லைப் புல்லாக வைத்திருக்கும் மணலும் கல்லும் மற்றைய பங்காகும். செயற்கைப் புற்றரையிலே காணப்படும் குறைகளிற் பல இம்மறைந்த பங்கிலேதான் தோன்றுகின்றன. மேலே தெரியும் கிழிசலை மட்டும் ஒட்டுபவர், நோயின் முதலை அறியாது மருந்திடும் வைத்தியரை ஒப்பர். அவர் ஒட்டிய இடம் அடுத்த கோடையிலே மீண்டும் பிளந்து நிற்கும்.

மிகவும் எளிய குறை, இதழ்கள் படுத்துவிடுதலாகும். நாள்தோறும் கால்கள் மிதிக்கும் தடத்திலே இதழ்கள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து பாய்போல் ஒட்டிக்கொள்கின்றன. காண்போர் அதனைத் தேய்வு என்று கருதுவர். பெரும்பாலும் அது தேய்வன்று. மணல் குறைந்தமையால் உண்டான சாய்வே. காற்றும் மழையும் பெருக்குதலும் ஆண்டுதோறும் சிறிது மணலை அகற்றிவிடுகின்றன. இதழ் சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக, விறைப்பான தும்புத்தடியாலோ நைலோன் மயிர் கொண்ட தூரிகையாலோ வாரவேண்டும். உலோகக் கம்பியாலான தூரிகை இதழைப் பிளந்துவிடுமாதலின் அதனைத் தொடவே கூடாது. இதழ்கள் நிமிர்ந்தபின், கழுவி உலர்த்திய, கூர்முனையற்ற சிலிக்கா மணலைச் சிறிது சிறிதாகத் தூவி, ஒவ்வொரு முறையும் வாரிவிடவேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் மணல் இதழ்களின் மேலே தங்கி அவற்றை மீண்டும் படுக்கவைக்கும். மணலும் இதழும் உலர்ந்திருக்கும் வேளையே இதற்கு ஏற்றது. கடற்கரை மணலை அள்ளி இடுவதும் தகாது. அதன் உப்பும் நுண்டூளும் நீர்வடி துளைகளுக்குக் கேடாகும்.

இரண்டாவது குறை, நிலம் பதிந்து குழி விழுதல். மழைக்குப்பின் ஓரிடத்திலே நீர் தேங்கினாலும், நடக்கும்போது கால் திடீரெனத் தாழ்ந்தாலும், படுக்கை இறங்கிவிட்டது என அறியலாம். முதலிலே போதிய அளவு இடித்து இறுக்காமை, மரவேர் உக்கிப்போதல், நீர்க்குழாய்க் கசிவு ஆகியன இதற்குக் காரணங்கள். கலிபோர்ணியாவிலே வேறொரு காரணமும் உண்டு. நிலத்தின் கீழ் வளை தோண்டி வாழும் 'கோபர்' என்னும் கொறிக்கும் பிராணி, படுக்கைக் கல்லையும் தள்ளிக்கொண்டு சுரங்கம் அமைத்துவிடுகின்றது. குழியின் மேல் மணலைக் கொட்டி மட்டப்படுத்துவது வீண்வேலை. ஓரத்து ஆணிகளைக் கழற்றி, விரிப்பை அவ்விடம்வரை மடித்து, காரணத்தைக் கண்டு நீக்கியபின், புதிய கற்றூளை இட்டு, நீர் தெளித்து, இடித்து இறுக்கவேண்டும். பிராணியின் தொல்லை உள்ள வளவிலே, படுக்கையின் கீழே நெருங்கிய கண்ணுள்ள கம்பிவலை விரிப்பர். இறுக்கிய நிலத்தின்மேல் நீளமான சட்டப்பலகை ஒன்றை வைத்துப் பார்த்தால், மேடு பள்ளம் கண்ணுக்குப் புலனாகும்.

மூன்றாவது குறை, பொருத்துப் பிரிதல். ஒரு முற்றத்துக்கு ஒரே விரிப்புப் போதாதபோது, இரண்டு துண்டுகள் அருகருகே வைக்கப்பட்டு, அடியிலே அகன்ற நாடா ஒன்றினால் ஒட்டப்படுகின்றன. பிளாஸ்ரிக்கு வெயிலிலே விரியும், குளிரிலே சுருங்கும். இந்த ஓயாத இழுபறியினால், வலுக்குறைந்த பசை ஒருநாள் விட்டுக்கொடுத்துவிடுகின்றது. பிரிந்த பொருத்து வெறும் அழகுக்கேடு மாத்திரமன்று. ஓடிவரும் பிள்ளையின் கால்விரல் அதிலே மாட்டினால் பிள்ளை குப்புற விழும். முதியோருக்கு அத்தகைய வீழ்ச்சி எலும்பு முறிவிலே முடிதல் கூடும். ஆதலின், குறைகள் பல இருப்பின் முதலிலே செப்பனிடவேண்டியது இதுவே.

பிரிந்த பொருத்தின் இரு விளிம்புகளையும் பின்னே மடித்து, பழைய நாடாவையும் பசையையும் இடையிலே புகுந்த மணலையும் முற்றாக நீக்கவேண்டும். ஒரு மணல்தட்டுப் பசைக்கும் விரிப்புக்கும் நடுவே இருந்தாலும் ஒட்டு நிலைக்காது. பின்னர் விளிம்புகளை ஒட்டாமலே சேர்த்துப் பார்க்கவேண்டும். தையல் வரிசைகளுக்கு இடையே ஓர் இடைவெளி உண்டு. வீட்டு விரிப்புகள் பலவற்றிலே அது ஏறக்குறைய 3/8 அங்குலம். பொருத்திலும் அதே இடைவெளி அமையவேண்டும். அதனிற் குறைந்தால் பொருத்து மேடாய்த் தடிக்கும். கூடினால் வழுக்கைக் கோடு தெரியும். இதற்குப்பின் புதிய நாடாவை நடுக்கோட்டிலே விரித்து, வெளிப்புறப் பாவனைக்குரிய பொலியூரிதேன் பசையைப் பல்வெட்டுள்ள கரண்டியால் மெல்லியதாகப் பரப்பி, ஒரு விளிம்பை முதலிலும் மற்றையதைப் பின்னரும் மெதுவாக இறக்கவேண்டும். இறக்கும்போது இதழ்கள் பசையிலே அகப்படாதபடி விரல்களால் ஒதுக்கிக்கொள்ளுதல் இன்றியமையாதது. பசையிலே தோய்ந்த இதழ் மறுபடி நிமிராது. முடிந்ததும் மணற்பைகளை அடுக்கிப் பாரம் ஏற்றி, பசைக்கலத்தின்மேல் குறித்துள்ள நேரம்வரை ஒருவரும் மிதியாமல் காக்கவேண்டும். ஈரநாளும் உச்சிவெயிலும் இவ்வேலைக்கு ஆகா. உலர்ந்த காலைப்பொழுதே உகந்தது.

நான்காவது குறை, உருகுதலும் கருகுதலும். இறைச்சி வாட்டும் அடுப்பிலிருந்து தெறிக்கும் தணற்பொறி, எறிந்த சிகரெட்டுத் துண்டு ஆகியவற்றால் உண்டாகும் தழும்பை எவரும் இனங்கண்டுகொள்வர். ஆனால், நெருப்பே அணுகாத இடத்திலும் புல் உருகிக் கிடப்பதைக் கண்டு வீட்டார் திகைப்பதுண்டு. அதன் காரணம் யன்னலிலே இருக்கின்றது. வெப்பத்தைத் தடுப்பதற்காக, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சுப் பூசிய இரட்டைக் கண்ணாடி யன்னல்கள் இன்று மிகுதியாகப் பொருத்தப்படுகின்றன. இரு கண்ணாடிகளுக்கும் இடையே அடைபட்ட வாயுவின் அழுக்கமும் வெளிக்காற்றின் அழுக்கமும் வேறுபடும்போது, கண்ணாடி மிகச் சிறிதளவு உட்குழிகின்றது. குழிந்த கண்ணாடி குழிவாடியின் வேலையைச் செய்து, தன்மேல் விழும் வெயிலை எல்லாம் ஒரு சிறு பட்டையிலே குவிக்கின்றது. பொலித்தீன் உருகுவது ஏறக்குறைய 110 முதல் 130 பாகை சதமவளவையிலாகும். அதற்கு மிகவும் கீழேயே அது இளகத் தொடங்கிவிடுகின்றது. கோடை நண்பகலிலே செயற்கைப் புற்றரையின் மேற்பரப்பு 60 பாகையைத் தாண்டிக் கொதிப்பது வழமை. அச்சூட்டின்மேல் யன்னலிலிருந்து குவிந்த வெயிலும் சேர்ந்தால் இதழ்கள் சுருண்டு உருகுவதிலே புதுமை இல்லை.

இதனைக் கண்டறியும் வழி எளிது. உருகிய வடு ஒரு புள்ளியாக அமையாது, நீண்ட கோடாகவோ வளைந்த பட்டையாகவோ இருக்குமாயின், சூரியன் நகர நகரக் குவிந்த ஒளியும் நகர்ந்துள்ளது என்பது தெளிவு. வெயில் உள்ள நாளொன்றிலே மணிக்கொருமுறை அவ்விடத்தைப் பார்த்தால், மற்றைய இடத்தைவிடப் பிரகாசமான ஒளிப்பட்டை ஒன்று புற்றரைமீது ஊர்ந்து செல்வதைக் காணலாம். அவ்யன்னலின் வெளிப்புறத்திலே கொசுவலை போன்ற நிழல்வலையைப் பொருத்துவதோ, மேலே ஒரு சாய்ப்பு இறக்குவதோ, இடையிலே செடி வளர்ப்பதோ செய்யவேண்டிய முதல் வேலை. யன்னலின் உட்புறத் திரை இதற்கு உதவாது. ஒளி கண்ணாடியிலேயே தெறித்துத் திரும்பிவிடுகின்றது. அதன்பின்னரே புல்லைத் தொடவேண்டும். யன்னலைக் கவனியாது புல்லை மாத்திரம் மாற்றியவர், அடுத்த ஆண்டும் அதே இடத்திலே புல்லை மாற்ற நேரும்.

நுனி மாத்திரம் கருகியிருப்பின், கத்தரிக்கோலால் அந்நுனிகளை நறுக்கி, பக்கத்து இதழ்களை அதன்மேல் வாரிவிட்டால் போதும். தாங்கிவரை உருகியிருப்பின் ஒட்டுப்போடுதலே வழி. அதற்கு முதலிலே, குறையுள்ள இடத்தைச் சூழ மணலை வாரி அகற்றவேண்டும். பின்னர், தையல் வரிசையின் வழியே இதழ்களை இருபுறமும் வகிடெடுத்துப் பிரித்து, கூரிய கத்தியால் தாங்கியை மாத்திரம் நீள்சதுரமாக வெட்டவேண்டும். வட்டமாக வெட்டினால் தையல் வரிசைகள் குறுக்கே அறுபட்டு, விளிம்பு எங்கும் இதழ் உதிரும். கத்தி ஆழப் பாய்ந்து, அடியிலுள்ள களைத்தடுப்புத் துணியை அறுத்துவிடாதபடி கவனித்தல் வேண்டும். வெட்டி எடுத்த துண்டே புதிய ஒட்டுக்கு அச்சாகும். புல் சாய்ந்திருக்கும் திசையை அத்துண்டின் முதுகிலே அம்புக்குறியால் குறித்துக்கொண்டு, அதே திசையிலே புதிய துண்டையும் வெட்டவேண்டும். திசை மாறினால், ஒரே விரிப்பிலிருந்து எடுத்த துண்டாயினும் வெயிலிலே அதன் நிறம் வேறாகத் தோன்றும். துணியை ஒட்டும் தையற்காரர் இழையோட்டம் பார்ப்பது போன்றதே இதுவும். நான்கு விளிம்புகளின் கீழும் நாடாவை, பாதி பழைய விரிப்பின் அடியிலும் பாதி ஒட்டின் அடியிலும் வருமாறு செலுத்தி, முன்னர்க் கூறியவாறே பசையிட்டு, பாரம் வைத்து, உலர்ந்தபின் மணல் தூவி வாரிவிட்டால் வேலை முடிந்தது.

ஆயினும், ஒரு சிக்கல் உண்டு. ஒட்டுக்கு வேண்டிய துண்டு எங்கிருந்து வரும்? முதலிலே விரித்தபோது எஞ்சிய துண்டைச் சுருட்டி வைத்திருப்பவர் பாக்கியசாலி. ஆனால், இருட்டறையிலே பத்து ஆண்டு கிடந்த துண்டின் நிறமும், வெயிலிலே பத்து ஆண்டு கிடந்த புல்லின் நிறமும் ஒன்றாகா. புதிய துண்டு முற்றத்தின் நடுவிலே பளிச்சென்று நின்று, 'இங்கேதான் ஒட்டுப் போட்டனர்' என்று பறைசாற்றும். அனுபவமுள்ள வேலையாள் இதற்கு ஓர் உபாயம் செய்வார். கொட்டிலின் பின்புறம், நீர்த்தொட்டியின் ஓரம் போன்று கண்படாத, ஆனால் வெயில் பட்ட மூலையிலிருந்து பழைய புல்லை வெட்டி, நடுமுற்றத்துக் குறையை ஒட்டுவார். வைத்திருந்த புதிய துண்டை அந்த மூலைக்கு இடுவார். நிறவேற்றுமை மறைந்துவிடவில்லை, எவரும் பாராத இடத்துக்கு அது குடிபெயர்ந்துவிடுகின்றது. சேலையின் கிழிசலுக்கு உள்மடிப்பிலிருந்து துணி எடுக்கும் இல்லத்தரசிகளுக்கு இவ்வுபாயம் புதியதன்று.

வளர்ப்பு நாயுள்ள வீடுகளிலே இன்னொரு குறையும் உண்டாகும். இயற்கை நிலத்திலே வாழும் நுண்ணுயிர்கள் நாயின் சிறுநீரைச் சிதைத்து மண்ணோடு சேர்த்துவிடும். செயற்கைப் புல்லிலோ அது மணலிலே தங்கி, வெயில் ஏற ஏற அமோனியா நெடியாய் எழுகின்றது. நீரால் அலசுவதும், நொதியம் சேர்ந்த கழுவுநீர் தெளிப்பதும் தொடக்க நிலையிலே பயன்தரும். சியோலைற்று என்னும் கனிமத் துகளை மணலுக்குப் பதிலாக இடுவோரும் உளர். அது அமோனியத்தைத் தன்னுள் பிடித்துவைக்கும் இயல்புடையது. நெடி நீண்டகாலம் நிலைத்திருக்குமாயின், மணலை வாரி எடுத்து மாற்றுவதும், நீர்வடி துளைகள் அடைபட்டுள்ளனவா எனப் பார்ப்பதும் வேண்டும். வாசனைத் திரவியத்தால் நெடியை மூடுவது, குழியின்மேல் பாய் விரிப்பதற்குச் சமம்.

இனி, செப்பனிட்டும் பயனில்லாத நிலை எது? வெயிலின் ஊதாக் கடந்த கதிர்கள் பிளாஸ்ரிக்கின் நீண்ட மூலக்கூறுகளை நாளடைவிலே துண்டிக்கின்றன. அதனைத் தடுக்கும் இரசாயனங்கள் இதழிலே சேர்க்கப்படினும், அவை என்றென்றைக்கும் காப்பன அல்ல. நன்றாக வெயில் படும் இடத்திலே ஓர் இதழைப் பிடித்து இரு விரல்களுக்கிடையே கசக்கிப் பார்க்கவேண்டும். இதழ் வளைந்து நிமிர்ந்தால் விரிப்புக்கு இன்னும் ஆயுள் உண்டு. முறிந்தாலோ, தூளாக விரலிலே ஒட்டினாலோ, அதன் ஆயுள் முடிந்தது. விரிப்பின் முதுகுப் பூச்சுப் பொரிந்து, கையால் இழுத்தவுடன் தையல் கொத்துக் கொத்தாய்க் கழன்று வருவதும் அத்தகைய அறிகுறியே. அந்நிலையிலே ஒட்டுப்போடுவது உக்கிய துணியிலே ஊசி ஏற்றுவது போலாகும். மிகப் பழைய நைலோன் விரிப்புகளிலே வேறோர் அபாயமும் உண்டு. நியூ ஜேர்சி மாநிலத்துச் சுகாதாரப் பகுதியினர் 2008 ஆம் ஆண்டளவிலே சோதித்த சில நைலோன் விளையாட்டுத் தரைகளின் இழைகளிலே, நிறத்துக்காகச் சேர்க்கப்பட்ட ஈயம் இருப்பது தெரியவந்தது. தேய்ந்து தூளாகும் பழைய விரிப்பைச் சிறுவர் விளையாடும் இடத்திலே வைத்திருத்தல் இக்காரணத்தாலும் தகாது.

அகற்றிய விரிப்பை என்ன செய்வது என்னும் கேள்விக்கு இன்றும் திருப்தியான விடை இல்லை. பல இனப் பிளாஸ்ரிக்கும் பசையும் மணலும் பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளமையால், அதனை மீண்டும் உருக்கிப் பயன்படுத்துதல் கடினம். பெரும்பகுதி குப்பைநிலத்துக்கே போகின்றது. விளையாட்டுத் தரைகளின் மேல் தூவப்படும் பிளாஸ்ரிக்கு, இறப்பர்த் துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலப்பதைத் தடுப்பதற்காக, 2023 இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் விற்பனையை 2031 ஆம் ஆண்டோடு நிறுத்தும் விதியை இயற்றியது. இதனை நோக்கும்போது, ஒரு சிறு ஒட்டினாலே ஒரு விரிப்பின் ஆயுளைச் சில ஆண்டு நீட்டுவது வீட்டுக்காரரின் பணத்தைக் காப்பதோடு நில்லாது, நிலத்துக்கும் ஒரு நன்மையாய் அமைகின்றது.

இலங்கையிலும் சிறு உதைபந்தாட்டக் களங்களிலும், மாடிவீடுகளின் முகப்புகளிலும் இவ்விரிப்பு இடம்பெற்றுள்ளது. கலிபோர்ணியாவின் வறண்ட வெயிலுக்குச் சொல்லப்பட்டவை யாவும் பருவமழை பெய்யும் தேசத்துக்கு அப்படியே பொருந்துவன அல்ல. இங்கு முதற்கவனம் நீர்வடிதலிலே இருத்தல்வேண்டும். சீமெந்துத் தரையின்மேல் நேரே விரித்த புல்லின் கீழே நீர் தேங்கினால், பாசியும் பூஞ்சணமும் பிடித்து, பசை விரைவிலே கழன்றுவிடும். மழைக்காலத்துக்கு முன் ஓரத்தை உயர்த்திப் பார்த்து, வாய்க்காலையும் துளைகளையும் துப்புரவு செய்துவைப்பது பின்வரும் செப்பனிடும் வேலையிலே பாதியைக் குறைத்துவிடும்.

அறுகு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கின்றது. அதன் வேர் மண்ணிலே இருக்கின்றது. மனிதன் செய்த புல்லுக்கு வேர் இல்லை. அதைச் செய்தவரும் விரித்தவரும் காட்டும் கவனமே அதற்கு வேராய் அமைதல் வேண்டும். வாங்கும்போதே எஞ்சிய துண்டொன்றைக் கேட்டு வாங்கி, கண்படாத, ஆனால் வெயில் படும் ஒரு மூலையிலே விரித்து வைப்பவர், பிற்காலத்து ஒட்டுக்கு வேண்டிய புல்லை அன்றே வெயிலிலே பழக்கி வைத்தவராவார்.